மொதல் கார் ரேஸுக்கு பேரு குடுக்கப் போறியளா? நம்ம மாவட்டத்துப் பையன்மாரு அடிக்கடி கேக்குற கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைல டயர், வீல் அலைன்மென்ட் கடை வச்சிருக்கேன். கோயம்புத்தூர்லயும் சென்னைலயும் சின்ன அளவுல ரேஸ் ஓட்டியிருக்கேன். பெருசா கப்பு ஒண்ணும் கெடையாது, ஒரே ஒரு தடவ எங்க கிளாஸ்ல (ஒரே வகை வண்டிங்க மட்டும் மோதுற பிரிவு) மூணாவது வந்தேன், அதுக்க போட்டோதான் கடைல மாட்டியிருக்கு. அந்த போட்டோவ பாத்துட்டு அலைன்மென்ட் பாக்க வாற பையன்மாரு எல்லாம் சாயா குடிச்சிக்கிட்டே ஒரே கேள்வியத்தான் திருப்பித் திருப்பி கேக்கானுவ, எனக்கும் சொல்லிச் சொல்லி தொண்ட வத்திப்போச்சு, அதான் எழுதி வச்சாச்சு. கேள்வி எல்லாம் அவனுவ கேட்ட மாதிரியே இருக்கு. மேல இருந்து வரிசையா படிங்க, ஏன்னா ஒருதடவ சொன்னத கீழ திருப்பி சொல்லல.

அண்ணே, நான் நாகர்கோவில்ல இருந்து திருவனந்தபுரத்துக்கு ஒண்ணேகால் மணி நேரத்துல போயிருக்கேன். எனக்கு ரேஸ் வரும்லா?

மக்கா, மார்த்தாண்டம் மேம்பாலம் வந்த பொறவும் அந்த ரோட்ல ஒண்ணேகால் மணி நேரத்துல போனன்னா அன்னைக்கு எதுக்க வந்தவனுவ எல்லாம் நல்லா ஓட்டியிருக்கானுவ, அவ்ளோதான் எனக்கு தெரியுது.

ரோட்ல வேகம்னா கேப் பாத்து நுழையிறது. டிராக்ல அந்த வேலையே கெடையாது, ஒரே வளைவ பத்து ரவுண்டும் ஒரே மாதிரி எடுக்கணும், அதான் வேல. ரோட்ல நீ முழு பிரேக்க இதுவரைக்கும் ரெண்டு தடவ அடிச்சிருப்ப, ஒண்ணு நாய்க்கு இன்னொண்ணு ஆட்டோவுக்கு. டிராக்ல ஒரு ரவுண்டுக்கே மூணு நாலு தடவ அடிக்கணும், அதும் பதறாம. கியர் போடுற பழக்கம், கண்ணாடி பாக்குற பழக்கம், மழைல ஓட்டுன பழக்கம் இதெல்லாம் அங்க உதவும். ஹார்ன் பழக்கத்த களியக்காவிளைலயே விட்டுட்டுப் போ.

நம்ம பக்கம் டிராக்கே இல்லியே, எங்க போய் ஓட்டுகது?

நம்ம மாவட்டத்துல கெடையாது, உண்மைதான். கிட்டத்துல உள்ளது கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே, 2003ல வந்தது, ஒரு ரவுண்டு சுமார் 2.1 கி.மீ. அடுத்தது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைல, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990ல தொறந்தது, 3.7 கி.மீ., 12 வளைவு. இப்ப மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்னு சொல்றாங்க, பழைய ஆளுங்களுக்கு இன்னும் எம்எம்ஆர்டிதான். அதுக்கும் முன்னாடி சோழவரத்துல பழைய விமான ஓடுதளத்துலதான் ரேஸ். எங்க பெரியப்பா ஒருதடவ போய் பாத்துட்டு வந்து சாவுற வரைக்கும் அந்த கதையத்தான் சொன்னாரு.

நாகர்கோவில்ல இருந்து கோயம்புத்தூர் ஏறக்குறைய 450 கி.மீ., சென்னை ஏறக்குறைய 700. மொத தடவைக்கு கோயம்புத்தூர் போதும், டிராக்கும் சின்னது, ரவுண்டு சீக்கிரம் மனசுல பதியும்.

ரேஸ்னா எல்லாம் ஒண்ணுதானே? ஆட்டோகிராஸ், டைம் அட்டாக்குன்னு என்னென்னவோ சொல்லுகானுவ

ஒண்ணு இல்ல, அதும் மொத ஆளுக்கு இது ரொம்ப முக்கியம். ஆட்டோகிராஸ்னா ஒரு மைதானத்துல பாதை போட்டு ஒவ்வொரு வண்டியா, இல்லன்னா ரெண்டு ரெண்டா விடுவாங்க, நேரத்தத்தான் அளக்காங்க. மண்ணுல பல எடத்துல நடக்கும். டைம் அட்டாக்ல டிராக்ல ஓட்டுவ, ஆனா உன் எதிரி கடிகாரம்தான். டிராக் டேன்னா போட்டியே கெடையாது, பணம் கட்டிட்டு ஓட்டிப் பழகுறது. டிஎஸ்டி (டைம், ஸ்பீட், டிஸ்டன்ஸ்) ராலில வேகமே வேண்டாம், சட்டப்படி உள்ள வேகத்துல சொன்ன நேரத்துக்கு சொன்ன எடத்துல இருக்கணும், பக்கத்துல உக்காந்து கணக்கு போடுற சேக்காளி நல்லா இருந்தா ஜெயிப்ப, இல்லன்னா ரெண்டு பேரும் பேச்சு வார்த்த இல்லாம ஊருக்கு வருவிய. கடைசில இருக்குறதுதான் சர்க்யூட் ரேஸ், பக்கத்துல பத்து பதினஞ்சு வண்டி, எல்லாத்துக்கும் ஒரே வளைவு.

நான் சொல்லுறது இந்த வரிசை: ஒரு டிராக் டே, ரெண்டு ஆட்டோகிராஸ் இல்ல டைம் அட்டாக், அப்புறம் ரேஸ். நேரா ரேஸுக்கு போனவனும் இருக்கான், அவனுக்க பம்பர் இப்ப எங்க கடைக்கு பொறத்தாலதான் கெடக்கு.

ஆரல்வாய்மொழி ரோட்ல ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தனும் இருக்க மாட்டான், அங்க பழகுனா என்ன?

வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 189வது பிரிவுல, மாநில அரசு எழுத்துல சம்மதம் குடுக்காம பொது எடத்துல ரேஸோ வேகச் சோதனையோ வச்சா மொத தடவ 3 மாசம் வரைக்கும் ஜெயில் இல்ல 5,000 ரூபாய் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேத்தும் போடலாம். மறுபடி மாட்டுனா ஒரு வருஷம் வரைக்கும், 10,000 ரூபாய் வரைக்கும். 2019 திருத்தத்துல கூட்டுனது இது.

சட்டத்த விடு. முப்பந்தல்ல அத்தன காத்தாடி எதுக்கு நட்டிருக்கான்? கணவாய் வழியா வாற காத்து ஆனி ஆடில வண்டிய பக்கவாட்டுல ஒரு அடி தள்ளும், லாரிய தாண்டி வெளிய வரும்போது பளார்னு அடிக்கும். அது போக லைட்டே இல்லாம வாற டிராக்டர், ரோட்ல படுத்து கெடக்குற மாடு. டிராக்ல தப்பு பண்ணுனா மண்ணுல போய் நிப்ப, ரோட்ல எவன் வீட்டு மதில்லயோ நிப்ப. ரோட்ல ரேஸே கெடையாதான்னு கேட்டா உண்டு, 2024 ஆகஸ்ட் கடைசில சென்னைல தீவுத்திடல சுத்தி 3.5 கி.மீ. ரோட்ட அடைச்சு ராத்திரி ரேஸ் விட்டாங்கல்லா, ஆனா அதுக்கு ரெண்டு பக்கமும் தடுப்பு, கொடி காட்டி பாதுகாப்பு பாக்குற மார்ஷல், ஆம்புலன்ஸ் எல்லாம் நின்னுது.

ரேஸுக்கு தனி லைசென்ஸா? எனக்கிட்ட எல்எம்வி இருக்கே

எல்எம்வி ரோட்டுக்கு. ரேஸுக்கு எஃப்எம்எஸ்சிஐ குடுக்குற போட்டி லைசென்ஸ் வேணும். நம்ம நாட்டுல மோட்டார் ஸ்போர்ட்ஸ நடத்துற அமைப்பு அதுதான், ஆபீஸ் சென்னைல. மருத்துவச் சான்று கேப்பாங்க, ரத்த வகை கேப்பாங்க, 18 வயசு ஆகலன்னா வீட்டு ஆளு கையெழுத்தும் வேணும். எந்த வகை போட்டிக்கு எந்த லைசென்ஸ், எதுக்கு பயிற்சிச் சான்று வேணும்ங்கிறதெல்லாம் அந்தந்த வருஷ விதிய பாத்துதான் முடிவு பண்ணணும், "போன வருஷம் எனக்க அளியன் எடுத்தப்ப கேக்கலியே"ன்னு அங்க போய் நிக்காத.

இன்னொண்ணும் சொல்லிடுதேன். ஒவ்வொரு போட்டிக்கும் துணை விதிகள்னு ஒரு பேப்பர் வரும், என்ட்ரி எப்ப முடியும், என்ன உடுப்பு, புகார் குடுக்கணும்னா எவ்ளோ நேரத்துக்குள்ள, எல்லாம் அதுல இருக்கும். நூத்துக்கு தொண்ணூறு பேரு படிக்க மாட்டான். நீ படி, பிரின்ட் எடுத்து பைல வை.

வீட்டு ஸ்விஃப்டையே கொண்டு போலாமா? அப்பாக்கு தெரியாது

அப்பாக்கு தெரியாதுன்னா இந்த கேள்விய இஞ்சயே நிறுத்திக்க. தெரியும்னா கேளு.

ரோட்டு வண்டிய அப்படியே கொண்டு வரலாம்ங்கிற கிளாஸ் டைம் அட்டாக், ஆட்டோகிராஸ்ல எல்லாம் இருக்கும், சர்க்யூட் ரேஸுக்கு ரோல் கேஜ் (வண்டிக்குள்ள கம்பிக் கூடு), பக்கெட் சீட்டு (உடம்ப ரெண்டு பக்கமும் பிடிக்கிற சீட்டு), ஹார்னஸ்னு (ரெண்டு தோளையும் கட்டுற பெல்ட்) செய்யணும், அத செஞ்சா அது வீட்டு வண்டி ஆகாது, அதுல அம்மாவ சுசீந்திரம் கோயிலுக்கு கூட்டிட்டு போக முடியாது. சிலரு கேஜ் இல்லாம ஹார்னஸ் மட்டும் மாட்டுவானுவ, பாக்க சூப்பரா இருக்கும். வண்டி உருண்டா கூரை அமுங்கி வரும், மூணு பாயின்ட் பெல்ட்ல உடம்பு கொஞ்சம் சாயும், ஹார்னஸ்ல நிமிந்தே இருக்கும். அந்த அரைகுறை வேலைக்கு கம்பெனி பெல்ட்டே எவ்ளவோ மேலு.

இன்சூரன்ஸ் பேப்பர எடுத்து எந்தெந்த உபயோகத்துக்கு செல்லாதுன்னு போட்டிருக்குற பாகத்த படி. ரேஸ், வேகச் சோதனைன்னு தெளிவா எழுதியிருக்கும். டிராக்ல வண்டி நசுங்குனா ஒரு ரூவா வராது. அதனால எனக்க கணக்கு இதுதான்: மொத்தமா போனாலும் ராத்திரி தூக்கம் வரும்ங்கிற வண்டிய மட்டும் டிராக்ல எறக்கு.

அது முடியாதுன்னா வாடகை வண்டி இருக்கு. எல்ஜிபி ஃபார்முலா 4 மாதிரி ஒத்த சீட்டு வண்டிய டீம்காரங்களே வச்சிருப்பாங்க, நீ பணம் கட்டி ஹெல்மெட்டோட போய் உக்காந்தா போதும். இந்த யோசன பழசு. கோயம்புத்தூர் கரிவர்தன் 80கள்ல மாருதி 800 இன்ஜின வச்சு கம்மி செலவுல ஒத்த சீட்டு வண்டி செஞ்சாரு, அதனாலதான் காசுக்காரன் மட்டும் ஓட்டுன ரேஸுக்குள்ள மத்தவனும் வந்தான். 1995ல விமான விபத்துல எறந்துட்டாரு, அந்த கரி மோட்டார் ஸ்பீட்வேல உள்ள கரி இவருதான்.

மொத்தம் எவ்ளோ ஆகும் அண்ணே?

ஒரு நம்பர் சொன்னா அடுத்த வருஷம் என்ன திட்டுவ. எதுக்கெல்லாம் போகும்னு சொல்லுதேன், நீயே கூட்டிக்க: லைசென்ஸ், என்ட்ரி, ஹெல்மெட்டு உடுப்பு, பிரேக் பேட் ஒரு செட், பிரேக் ஆயில், டயர் தேய்மானம், போக வர பெட்ரோல், ரெண்டு ராத்திரி ரூம், கூட வாற ரெண்டு பேருக்க சாப்பாடு. கடைசியா எல்லாத்தையும் கூட்டி வந்த தொகைல கால் பங்கு தனியா எடுத்து வை. அது தொட்டா செலவாகும், தொடலன்னாலும் ஆகும்.

பைக் ஹெல்மெட்டு புதுசா நல்லது இருக்கு, அது போதாதா?

போதாது. பைக் ஹெல்மெட்ட ரோட்ல விழுந்து உரசுறதுக்கு செஞ்சிருக்கான். கார்ல தலை போய் அடிக்கிற எடம் கேஜ் கம்பி, அதும் ஒரே எடத்துல திரும்பத் திரும்ப அடிக்கும், தீயும் பிடிக்கலாம். அதனால கார் ஹெல்மெட்டுக்கு தீ தாங்குற சோதன தனியா உண்டு. ஸ்னெல்னு ஹெல்மெட் சோதிக்கிற அமைப்புக்க எஸ்ஏ2020, இல்லன்னா விதில கேட்ட எஃப்ஐஏ (உலக மோட்டார் ஸ்போர்ட்ஸ் அமைப்பு) முத்திரை பாத்து வாங்கு. ஸ்னெல்லயே எம்னு ஆரம்பிச்சா அது பைக்குக்கு, கடைக்காரன் ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லுவான், கேக்காத.

கழுத்துக்கு ஹான்ஸ்னு ஒண்ணு வருதுல்லா, தோள்ல மாட்டி ஹெல்மெட்டோட கட்டுறது, இடிச்சா தலை முன்னாடி வீசாம பிடிக்கும். 2001ல அமெரிக்கால ரேஸ் டிரைவர் டேல் எர்ன்ஹார்ட் எறந்தது மண்டையோட்டு அடி எலும்பு முறிஞ்சுதான், 2003ல ஃபார்முலா ஒன்ல எல்லாரும் போட்டே ஆகணும்னு வந்துது. ஆனா ஹார்னஸ் இருந்தாத்தான் அது வேல செய்யும். உள்ள போடுற பனியன் பருத்தில போடு, பாலியஸ்டர் சூட்டுல தோலோட உருகி ஒட்டும்.

மொதல்ல என்ன மாடிஃபை பண்ணணும்? எக்ஸாஸ்ட்டா, ரீமேப்பா (இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்க மாத்துறது)?

பிரேக் ஆயில் மாத்து. சிரிக்காத.

எனக்க மொத டைம் அட்டாக்ல அஞ்சாவது ரவுண்டு, பெரிய நேர்ரோடு முடியுற எடத்துல பிரேக்க மிதிச்சா பெடல் தரைக்கு போவுது. ஒண்ணும் இல்ல, வெறும் காத்த மிதிச்ச மாதிரி. ரெண்டு மூணு தடவ படபடன்னு மிதிச்சேன், கொஞ்சம் பிடிச்சுது, கியர எறக்குனேன், அதுக்குள்ள டிராக்க விட்டு வெளிய போய் மண்ணுல நாப்பது மீட்டர் உழுதுட்டுதான் நின்னுது. வெப்ராளத்துல இன்ஜின ஆஃப் பண்ணக்கூட தோணல. எறங்கி பாத்தா வண்டிக்கு ஒண்ணும் இல்ல, ஆயில்தான் மூணு வருஷ பழசு. நான் டயர் கடைக்காரன், ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்துன்னு சொல்லுற ஆளு.

விஷயம் என்னன்னா பிரேக் ஆயில் காத்துல உள்ள ஈரத்த உறிஞ்சும். நம்ம ஊரு கடக்காத்துக்கு கேக்கவே வேண்டாம். டாட் 3 (டப்பால போட்டிருக்குற தரம்) புதுசுல குறைஞ்சது 205 டிகிரி தாங்கணும், ஈரம் ஏறுனா 140தான். டாட் 4 புதுசுல 230, ஈரம் ஏறுனா 155. டாட் 5.1 புதுசுல 260. டிராக்ல அந்த சூடு சட்டுனு வரும், ஆயில் கொதிச்சா ஆவி வரும், ஆவிய அமுக்கலாம், அதான் பெடல் உள்ள போவுது. பேரு ஒண்ணு மாதிரி இருக்குதேன்னு டாட் 5 வாங்கிறாத, அது சிலிகான், இதோட சேராது.

அதுக்கு பொறவு நல்ல பேட், அப்புறம் டயர். அதுக்கும் பொறவு காசு மிச்சம் இருந்தா இன்னொரு டிராக் டே. எக்ஸாஸ்ட் எல்லாம் மூணாவது வருஷம் பாத்துக்கலாம். நிறைய பவர வச்சிக்கிட்டு வளைவு எடுக்க தெரியாதவன பாத்தா எனக்கு பாவமாத்தான் இருக்கும்.

டயர்ல காத்து எவ்ளோ? ஒரு கடைல 40 வைக்க சொன்னான்

எந்த கடைன்னு கேக்க மாட்டேன். கதவு ஓரத்துல ஸ்டிக்கர்ல போட்டிருக்குற பிரஷர்ல ஆரம்பி, காலைல வண்டி ஓடாம இருக்கும்போது அளந்து எழுதி வை. அஞ்சு ரவுண்டு ஓட்டிட்டு வந்த உடனே, கவனி, வந்த உடனே, மறுபடி அள. டயர் உள்ள 10 டிகிரி சூடு கூடுனா சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும். 40 டிகிரி ஏறுனா ஆறு பிஎஸ்ஐக்கு மேல ஆச்சு. காலைலயே 40 வச்சவனுக்கு மூணாவது ரவுண்டுல டயர் பலூன் மாதிரி ஆகி நடுப்பாகம் மட்டும்தான் ரோட்ட தொடும்.

சாக்பீஸ் கொண்டு போ. டயர் ஓரத்துல, பட்டன் முடிஞ்சு பக்கச்சுவரு ஆரம்பிக்கிற எடத்துல குறுக்க ஒரு கோடு போட்டு ஓட்டிட்டு வந்து பாரு. கோடு அழிஞ்சு பக்கச்சுவரு வரைக்கும் தேஞ்சிருந்தா காத்து கொறவு, டயர் மடங்குது, ரெண்டு கூட்டு. கோட்ட தொடவே இல்லன்னா காத்து கூடுதல், கொஞ்சம் எறக்கு. இடது வலது ஒரே மாதிரி ஏறாது, வளைவு எந்தப் பக்கம் அதிகமோ அதுக்கு எதிர்ப்பக்க டயருக்குத்தான் வேல அதிகம். ஒரு தடவைக்கு ஒரு மாத்தம் மட்டும் பண்ணு, எல்லாத்தையும் சேத்து மாத்துனா எதுனால வண்டி மாறுச்சுன்னே தெரியாது.

ஸ்க்ருட்டினில (ஓட்டுறதுக்கு முன்னாடி வண்டிய சோதிக்கிறது) வண்டிய ஒதுக்குவானுவளாமே?

ஒதுக்குவாங்க, நல்லதுக்குத்தான். பேட்டரி ஆடுதா, எங்கயாச்சும் ஆயில் ஒழுகுதா, சீட்டு இறுக்கமா, பெல்ட் கிழிஞ்சிருக்கா, இழுக்குற கொக்கி இருக்கா, ஹெல்மெட் முத்திரை என்னன்னு பாப்பாங்க. ஸ்டெப்னி, ஜாக்கி, டேஷ்போர்டு பிள்ளையாரு, கால் மிதி, தண்ணி பாட்டில் எல்லாத்தையும் எறக்கிரு. பாட்டில் உருண்டு பிரேக் பெடலுக்கு அடில போனா நீ பிள்ளையாரத்தான் கூப்பிடணும், அவரையும் எறக்கி வச்சிருப்ப.

லைன் லைன்னு சொல்லுகானுவளே, அது என்னது?

பேச்சிப்பாறை போற வழில ரப்பர் தோட்டத்து வளைவு நெனச்சுக்க. ரோட்ல உனக்கு சொந்தம் இடது பாதி மட்டும். டிராக்ல முழு அகலமும் உனக்கு. வெளி ஓரத்துல இருந்து உள்ள வந்து, உள்பக்க முனைய தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்கு விட்டா வளைவு நிமிந்த மாதிரி ஆகும், அந்த அளவுக்கு வேகம் தாங்கும், இந்தப் பாதைதான் லைன். உள்பக்கம் தொடுற எடத்த ஏபெக்ஸ்ம்பாங்க. புது ஆளு எல்லாரும் ஏபெக்ஸ சீக்கிரம் தொட்டுருவான், ஏன்னா பயத்துல கை முன்னாடியே திரும்பிரும், தொட்டுட்டு பாத்தா வெளிய வாறப்ப ரோடு தீந்து போயிருக்கும். அதனால கொஞ்சம் லேட்டா திரும்பு, ஏபெக்ஸ வளைவோட நடுவ தாண்டி வை. உள்ள போறப்ப பைய போற மாதிரி இருக்கும், வெளிய வாறப்ப ஆக்ஸிலேட்டர முழுசா குடுக்கலாம். வளைவுக்கு அடுத்தாப்புல நீளமா நேர்ரோடு இருந்தா அந்த வளைவுதான் முக்கியம், அங்க வெளிய வாற வேகத்த நேர்ரோடு முழுக்க தூக்கிட்டு போவ.

கண்ணு எங்க போவுதோ கை அங்க போவும். பிரேக் பிடிக்கிறப்பவே கண்ணு ஏபெக்ஸ்ல, ஏபெக்ஸ தொடுறப்ப கண்ணு வெளிய போற எடத்துல. முன்னாடி போற வண்டிக்க பம்பரையே பாத்துட்டு இருந்தவன் அவன் மண்ணுக்கு போறப்ப கூடவே போவான், நெசமாவே பாத்திருக்கேன்.

சீட்டு இதுக்கு முக்கியம். முதுகு ஒட்டி உக்காந்து கைய நீட்டுனா மணிக்கட்டு ஸ்டியரிங் மேல படணும், கை ஸ்டியரிங்ல கடிகாரத்துக்க ஒம்போதும் மூணும் இருக்குற எடத்துல இருக்கணும். மாப்பிள்ள மாதிரி சாஞ்சு உக்காந்தா முழு பிரேக் மிதிக்க காலு எட்டாது.

பிரேக்க எவ்ளோ லேட்டா பிடிக்கலாம்? லேட்டா பிடிச்சாத்தானே டைம் வரும்?

கடைசியா கத்துக்க வேண்டியது அது. வேகம் ரெட்டிச்சா பிரேக் அழிக்க வேண்டிய சக்தி நாலு மடங்கு. 100ல போறவன் 110ல போனா நூத்துக்கு பத்துதான் கூடுன மாதிரி தோணும், ஆனா சக்தி நூத்துக்கு 21 கூடிப்போச்சு. லேட்டா பிரேக் பிடிச்சு ஒரு வளைவுல கெடைக்கிறது கண் இமைக்கிற நேரம், தப்புனா மேல சொன்ன லைனு மொத்தமும் போயிரும், ஆக்ஸிலேட்டர் லேட்டாகும், நேர்ரோடு முழுக்க நஷ்டம்.

100 மீட்டர் போர்டு இருந்தா அதுக்கு முன்னாடியே பிடி, நேரா இருக்குறப்பவே அழுத்தமா பிடி, திரும்புறப்ப பைய விடு. நல்லா வந்துதுன்னா அடுத்த ரவுண்டு ரெண்டு மூணு மீட்டர் தள்ளு. ஓட்டி முடிச்சிட்டு ஒரு ரவுண்டு பிரேக்க தொடாம ஆற விட்டு வா, வந்து நிறுத்துனா ஹேன்ட் பிரேக் போடாத, சூட்டுல ஒட்டிக்கும். கியர்ல போட்டு சக்கரத்துக்கு கட்டை வை.

கொடி எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணணுமா?

பண்ணணும், வேற வழியே இல்ல. மஞ்ச ஆட்டுனா முன்னாடி ஆபத்து, வேகத்த கொற, யாரையும் முந்தாத. ரெண்டு மஞ்ச ஆட்டுனா நிறுத்தவும் தயாரா இரு. பச்ச வந்தா ஆபத்து முடிஞ்சுது. சிவப்புன்னா ஓட்டத்தயே நிறுத்தியாச்சு, பைய பிட்டுக்கு (டிராக் ஓரத்துல வண்டிய நிறுத்துற எடம்) வா. நீலம்னா பொறத்தால வேகமா ஒருத்தன் வாறான். மஞ்சளும் சிவப்பும் கோடு கோடா இருந்தா ரோட்ல ஆயிலோ தண்ணியோ இருக்கு. வெள்ளைன்னா முன்னாடி பைய போற வண்டி. கறுப்புல ஆரஞ்சு வட்டத்தோட உன் நம்பர காட்டுனா உன் வண்டில கோளாறு, உள்ள வா. வெறும் கறுப்போட உன் நம்பர காட்டுனா கோளாறு உன்கிட்டதான், அப்பவும் உள்ள வா.

காலைல டிரைவர் பிரீஃபிங் வைப்பாங்க, அதுக்கு போகாதவன ஓட்ட விடாம நிறுத்தவும் செய்யலாம். மார்ஷல் எங்கெங்க நிக்காங்கன்னு மொத ரெண்டு ரவுண்டுல பாத்து வச்சிக்க, வெயில்ல நிக்கிற அந்த பயலுவதான் உன்ன காப்பாத்தப் போறானுவ.

பொறத்தால வேகமா ஒருத்தன் வந்தா ஓரம் ஒதுங்கிரணும்லா?

ஒதுங்காத, அதான் புது ஆளு பண்ணுற பெரிய தப்பு. ரோட்டு மரியாத இங்க வேலைக்காகாது. முந்த வாறவனுக்குத்தான் பத்திரமா முந்துற பொறுப்பு. நீ உனக்க லைன்ல ஒரே மாதிரி போ, நீ எங்க இருப்பன்னு அவனுக்கு தெரிஞ்சா அவன் பாத்துக்குவான். நீலக்கொடி காட்டுனா நேர்ரோட்ல ஆக்ஸிலேட்டர கொஞ்சம் விடு, அவன் போயிருவான். பிரேக் பிடிக்கிற எடத்துல திடீர்னு எடது வலதுன்னு ஆடுனா ரெண்டு பேரும் போவிய.

ஸ்டார்ட்ல மொத வளைவுலயே நாலஞ்சு பேர முந்திரலாம்னு வீடியோல பாத்தேன்

அந்த வீடியோல மண்ணுக்கு போனவனையும் பாத்தியா? மொத வளைவுல டயர் சூடாகல, பிரேக் சூடாகல, பதினஞ்சு பேருக்கும் அறிவு சூடாகிப் போச்சு. அங்க நாலு எடம் போனாலும் விடு. மூணாவது ரவுண்டுல முன்னாடி போனவனுவள்ல ரெண்டு பேரு தானா நிப்பானுவ.

வண்டி சுத்திருச்சுன்னா என்ன செய்யணும்?

ரெண்டு காலையும் உள்ள மிதி, கிளட்சும் பிரேக்கும், நிக்கிற வரைக்கும் விடாத. பாதில பிரேக்க விட்டா வண்டி எந்தப் பக்கம் போகும்னு உனக்கும் தெரியாது, பொறத்தால வாறவனுக்கும் தெரியாது. நின்ன பொறவு இன்ஜின் ஓடுதான்னு பாரு, மார்ஷல் சைகை காட்டுன பொறவு கெளம்பு. வண்டிய விட்டு எறங்காத, தீயோ பொகையோ இருந்தா மட்டும் எறங்கு.

முன்சக்கர டிரைவ் வண்டி சுத்தாதுன்னு நெனைக்கிறது தப்பு. வேகமா வளைவுக்குள்ள போய் பயந்து ஆக்ஸிலேட்டர சட்டுனு விட்டன்னா பாரம் முன்னாடி போவும், பின்பக்கம் லேசாகி வெளிய வரும். வளைவுக்கு நடுவுல பயம் வந்தா கால பைய எடு.

மழை பெஞ்சா?

நமக்கு நல்லதுன்னு வச்சிக்க. தென்மேற்கும் வடகிழக்கும் ரெண்டும் பெய்யுற ஊர்ல வண்டி ஓட்டிப் பழகுனவன். மழைல மட்டும் லைன மாத்தணும், காஞ்ச லைன்ல ரப்பரும் ஆயிலும் படிஞ்சு கெடக்கும், தண்ணி பட்டா வழுக்கும், அதனால அத விட்டு கொஞ்சம் வெளிய தள்ளி ஓட்டிப் பாரு. தண்ணி தேங்குன எடத்துல வண்டி மெதந்தா ஸ்டியரிங்க திருப்பாத, பிரேக்க அடிக்காத, கால லேசா எடுத்துட்டு பிடிப்பு வாற வரைக்கும் இரு. பட்டன் தேஞ்ச டயர் வச்சிருந்தா ஓட்டாத.

ஓட்டுற அன்னைக்கு என்ன சாப்பிடுகது?

ரெண்டு இட்லி, மட்டிப் பழம் ரெண்டு, தண்ணி நெறைய. மரச்சீனி கெழங்கும் மீன் கறியும் ஓட்டி முடிச்ச பொறவு. உடுப்புக்குள்ள வேர்வ ஆறா ஓடும், கோயம்புத்தூர்ல அக்கானி கெடைக்காது, உப்பு போட்ட மோரு வச்சிக்க.

ஒருத்தன் வேணும்னே இடிச்சுட்டு போனா திருப்பி இடிக்கலாமா?

இடிச்சா அவன விட்டுட்டு உன்ன பிடிப்பாங்க, ரெண்டாவது அடியத்தான் எல்லாரும் பாப்பாங்க. புகார் எழுதி குடுக்கலாம், அதுக்கு நேரமும் கட்டணமும் மேல சொன்ன துணை விதி பேப்பர்ல இருக்கும். உள்ள கேமரா வச்சிருந்தா அத காட்டு. கேமராவ அனுமதி கேட்டு ஸ்க்ருட்டினிக்கு முன்னாடியே போல்ட் போட்டு மாட்டு, டேப் ஒட்டுனது கழண்டு பறக்கும். ஆனா உண்மைய சொல்லணும்னா புது ஆளுங்க கொண்டு வாற வீடியோல பாதில தப்பு அவனுவ மேலதான் இருக்கும். எனக்கதும் அப்படித்தான் இருந்துது, மூணு தடவ பாத்த பொறவுதான் ஒத்துக்கிட்டேன்.

கடைசில வந்தா ஊர்ல சிரிப்பானுவளே?

சிரிப்பானுவ. நான் மொத ரேஸ்ல கடைசிக்கு முந்துன ஆளு, கடைசி ஆளுக்கு கியர் பாக்ஸ் போயிருந்துது. மொத ரவுண்டுக்கும் கடைசி ரவுண்டுக்கும் உனக்க டைம் எத்தன செகண்ட் கொறஞ்சிருக்குன்னு பேப்பர்ல பாரு, அத மட்டும் ஊர்ல சொல்லு. அவனுவளுக்கு புரியாது, சிரிக்க மாட்டானுவ.

ரேஸ் முடிஞ்சு அதே வண்டில ஊருக்கு ஓட்டிட்டு வரலாமா?

வரலாம், ஆனா அன்னைக்கு ராத்திரியே கெளம்பாத. மேலு வலிக்கும், கண்ணுக்கு வேகம் பழகிப்போயிருக்கும், 90ல போறது நடக்குற மாதிரி தோணும். தூங்கி எந்திரிச்சு காலைல பேட் எவ்ளோ மிச்சம் இருக்குன்னு பாரு, டயர் பக்கச்சுவருல வீக்கம் இருக்கான்னு கையால தடவு, பிரஷர ரோட்டு அளவுக்கு கொண்டு வா, பிரேக் பெடல் மெதுமெதுன்னு இருந்தா ஆயில மாத்திட்டுதான் ரோட்டுக்கு எறங்கணும்.

வீல் நட்ட கம்பெனி சொன்ன டார்க்ல முறுக்கு, பொறவு திண்டுக்கல் பக்கம் சாயா குடிக்க நிறுத்துறப்ப மறுபடி ஒரு சுத்து பாரு. டிராக் சூட்டுல வீலும் நட்டும் விரிஞ்சு சுருங்கி லூசாகும். நான் மொத தடவ வந்தப்ப அப்படி நிறுத்தி பாத்தேன், இடது முன் வீல்ல ரெண்டு நட்டு கைலயே சுத்துச்சு.